முப்பத்து மூன்று நிமிடம்

"பாடியை எடுத்தாச்சுக்கா."

புதுச்சத்திரம் தாண்டிய பேருந்தில் நின்றுகொண்டே செல்போனில் தம்பி ராஜ்கமலின் குரலைக் கேட்டாள் கயல்விழி. கோடி வேட்டி இருந்த பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"ரெண்டரை வண்டியில ஏறிட்டேன், நாலு மணிக்குள்ள வந்துடுவேன்னு சொன்னேனேடா."

"ரெண்டரைக்கு ஏறினா மூணுக்கு வந்திருக்கணும். மூணேகால் வரைக்கும் பாத்தோம். ராகுகாலம் வருதுல்ல?"

"ஞாயித்துக்கிழமை ராகுகாலம் நாலரைக்குடா."

போனை வைத்துவிட்டான்.

அப்பா கொளஞ்சியப்பன் போனது நண்பகல் பன்னிரண்டுக்கு. செய்தி வந்ததும் கடலூரில் ஒரு துணிக்கடைக்காரரை வீட்டிலிருந்து கூப்பிட்டு, ஷட்டரைத் திறக்கச் சொல்லி வேட்டி வாங்கினாள். கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக் கோடி மேலே விழாமல் அப்பா வீட்டில் எந்தப் பிணத்தையும் எடுத்ததில்லை.

சிதம்பரத்தில் அவள் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மணி நாலுக்கு ஐந்து நிமிடம். வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். சாணித் தண்ணீரில் மிதிபட்ட சாமந்தி மிதந்தது. ஓரமாக ஒரு வெள்ளைக் கார், பின் சீட்டில் ராஜ்கமலின் டிராலி பை.

"ராத்திரி மெட்ராஸ்லேருந்து பெங்களூருக்கு ஃப்ளைட்டாம். போன வாரமே போட்ட டிக்கெட்டாம்" என்றாள் பக்கத்து வீட்டு மலர்க்கொடி, குரலைத் தாழ்த்தி.

அப்பா படுத்திருந்த இடம் ஈரமாக இருந்தது. அதன் எதிரில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

ஐந்து மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். ராஜ்கமல் மொட்டை போடவில்லை. மீசையை மட்டும் எடுத்திருந்தான். உள்ளே போய்ச் சட்டை மாற்றி, சென்ட் அடித்துக்கொண்டு வந்தான்.

"நாளைக்குப் பால் தெளிக்கணுமேடா, கொள்ளி வச்சவன் நீதானே?"

"சித்தப்பா தெளிப்பாரு. எனக்கு லீவு இல்லக்கா. நீ லேட்டா வந்துட்டு என்னைக் கேக்கற. இந்தா, நீயே பாரு." செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

கடலூர் – சிதம்பரம். தூரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். நேரம் முப்பத்து மூன்று நிமிடம். பக்கத்தில் சின்னதாக ஒரு விமானப் படம்.

"இது ஏரோப்ளேன்ல வர்ற நேரம்டா."

சித்தப்பா சடையப்பன் எட்டிப் பார்த்தார். "நம்மூர்ல ஏதுடா ஏரோப்ளேன்? பொறந்ததுலேருந்து இந்த ரோட்டுலதானே போய் வந்த? பஸ்ஸு ஒண்ணேகால் மணி நேரம் ஆவும்னு தெரியாது உனக்கு?"

ராஜ்கமல் திரையைப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சரி, விடுங்க. அவளுக்காகக் காத்திருந்தா நான் ஃப்ளைட்டை விட்டுருப்பேன்."

கயல்விழி எழுந்தாள். பையிலிருந்து கோடியை எடுத்து உதறி, மஞ்சள் தடவிய முனை முன்னால் விழ, அவன் தோளில் போர்த்தினாள்.

"ஐயையோ, உசுரோட இருக்கறவன் மேலயா?" சித்தப்பா தடுக்கக் கை நீட்டினார்.

"ஆமா சித்தப்பா. பொண்ணு வீட்டுக் கோடி விழாம இந்த வீட்டுலேருந்து யாரும் போகக்கூடாது."

ராஜ்கமல் அதைத் தொடக்கூடப் பயந்து நின்றான்.

"கெளம்புடா" என்றாள். "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு."