கொக்குகள் முன்னிலையில் இருந்த மதியம்

ரோண்டா அப்பாவின் காய்ந்த உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது, மைதானத்தின் இரைச்சல் ஜன்னல் வழியாக வந்தது. அவள் கை அப்படியே நின்றது. கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவும், டிவிக்கு முன்னால் இருந்த தம்பி டுவைட்டும் அசையவில்லை. மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். அங்கே நடப்பது காதுக்கு முதலில் வரும், டிவிக்குக் கொஞ்சம் பொறுத்து வரும். அந்த இடைவெளியில் மூச்சை அடக்கிக்கொள்வது அந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கம்.

பிறகு டிவியிலும் வந்தது. ஹார்வில் கல்லூரிப் பையன் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தான். கல்லூரியின் கொக்கு அணி மூன்று புள்ளி முன்னால். எதிரே ஆடுவது மாநிலப் பல்கலைக்கழகம். அவர்களைக் கொக்குகள் கடைசியாக ஜெயித்தபோது டுவைட் அம்மாவின் வயிற்றில் இருந்தான். இப்போது அவனுக்குத் தலை வழுக்கை.

டுவைட் திரும்பி அக்காவைப் பார்த்தான். ரோண்டா பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"இன்னைக்குமாடி?" என்றாள் அம்மா. "காலைல நர்ஸ் என்ன சொல்லிட்டுப் போனா? பொழுது சாயுற வரைக்கும்கூடத் தாங்காதுன்னாளே."

"அதனாலதாம்மா போறேன். இன்னும் ஒரு தடவையாவது இவனுங்கள ஜெயிச்சத கேட்டுட்டுப் போகட்டும்."

ஏழு வயதில் ஒரு சனிக்கிழமை, அப்பா டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அறைக்குள் ரோண்டா பால் கேட்டுக்கொண்டு வந்தாள். கொக்குகளின் கையிலிருந்து பந்து நழுவியது. அடுத்த வாரமும் வந்தாள், நழுவியது. மூன்றாவது முறை அப்பா வெர்னன் சட்டமே போட்டுவிட்டார். கொக்குகள் முன்னிலையில் இருந்தால் ரோண்டா வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த மனிதர், வேறு எதிலும் மூடநம்பிக்கை கிடையாது. அவள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் ஃபோன் செய்து, "டிவிய அணைச்சுட்டியா?" என்று கேட்பார். இதில் பெரிய கொடுமை ஒன்றும் இல்லை. கொக்குகள் முன்னிலைக்கு வருவதே அபூர்வம் என்பதால் அவள் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் வளர்ந்தாள். சின்ன வயதில் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பதினொரு தடிமாடுகளைத் தன்னால் தடுக்கி விழவைக்க முடிகிறதே என்று நினைத்துக்கொள்வாள். வயது ஏறிய பிறகுதான் வலித்தது. அப்பா சந்தோஷமாகத் துள்ளிக் குதித்ததை அவள் ஒரு தடவைகூடப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

அவள் போய் நின்ற கொல்லைப்புறத்தில் மேப்பிள் மரம் அவசரமில்லாமல் இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. ஊரே மைதானத்துக்குள் போய்விட்டதால் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. யாரோ சாசேஜ் சுட்டுத் தின்றுவிட்டுப் போன புகை இன்னும் வேலிமேல் நின்றது. மஞ்சள் வெயிலில் வீடுகள் எல்லாம் தூங்குவதுபோல் இருந்தன. இரைச்சல் எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. ஊர் மொத்தமும் ஒரே ஆளாக மூச்சு விடுவதாக அவளுக்குத் தோன்றியது. ஜன்னல் கண்ணாடிக்குள் அப்பாவின் பாதங்கள் போர்வைக்கடியில் சின்ன மேடாகத் தெரிந்தன. அந்த மேடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க, கட்டிலில் இருப்பது வேறு யாரோ என்றும், அப்பா மைதானத்தில் எங்கோ தொப்பியைத் தூக்கி ஆட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார் என்றும் பட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. டுவைட் வெறுங்காலோடு வந்தான்.

"போயிட்டாரா?" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இல்ல. உன்னக் கூப்புடுறாரு."

"இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

"ஆட்டமா? நாலு நிமிஷம். இன்னும் நாமதான் முன்னாடி."

"அப்ப நான் வரல. தூக்கக் கலக்கத்துல கேட்டிருப்பாரு. நாம முன்னாடி இருக்கறது அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும். நான்தான் சொன்னேன்." டுவைட் காலால் இலைகளைத் தள்ளினான். "அவ வந்தா தோத்துருவோம்ப்பான்னேன். அந்த நேரத்துல போய் சொல்றேன் பாரு. தோத்தா தோக்கட்டும்டா, அவளக் கூட்டிட்டு வான்னாரு."

ரோண்டா தம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வெர்னனின் கண்கள் பாதி திறந்திருந்தன. போர்வைமேல் அவர் கை எதையோ தேடியது. அவள் தன் கையைக் கொடுத்தாள். இவ்வளவு அழுத்தமாகப் பிடிப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

"வந்துட்டேன்ப்பா."

"உக்காரு."

உட்கார்ந்த சற்று நேரத்தில் மைதானம் சட்டென்று அடங்கியது. அந்த ஊருக்கு ரொம்பப் பழகிய அமைதி அது. கொஞ்சம் பொறுத்து டிவியில் எதிரணிப் பையன் ஒருவன் பந்தோடு தன்னந்தனியாக ஓடினான். கொக்குகள் இப்போது நான்கு புள்ளி பின்னால்.

"சாரிப்பா," என்றாள் ரோண்டா. நிஜமாகவே அழுதுவிட்டாள்.

வெர்னனின் உதட்டோரம் லேசாக இழுத்தது. "உன் வேலைய ஒழுங்கா பாக்குற," என்றார். பிறகு, வெகு நேரம் கழித்து, "எங்கயும் போயிராத" என்றார்.

அம்மா சிரித்தாள், சிரித்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டாள். டுவைட் நாற்காலியை டிவியிடமிருந்து திருப்பிக் கட்டிலருகே போட்டான்.

அதன்பின் அவர் பேசவில்லை. மூச்சுகள் ஒன்றுக்கொன்று தூரமாக வந்தன. வெயில் போர்வையிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். காத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா குனிந்து அவர் நெற்றிமேல் தன் நெற்றியை வைத்தாள்.

மைதானத்தில் இரைச்சல் எழுந்தது. ரோண்டாவுக்கு நினைவு தெரிந்து கேட்டிராத இரைச்சல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருத் தெருவாகக் கார்கள் ஹாரன் அடித்தன, சர்ச் மணியை யாரோ இழுத்து அடித்தார்கள். டிவியில் ஆட்டம் முடியச் சில விநாடிகள் மிச்சம் இருந்தன. கொக்குகள் வட்டமாகக் குனிந்து நின்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் சொல்லாமலே ரோண்டா நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள். அப்பாவின் விரல்கள் அவள் விரல்களைச் சுற்றி மடங்கியே இருந்தன.

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.