இரண்டே நாள் விலாசம்

1

இப்படி ஒரு கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. தென்கொரியாவின் அன்சான் நகரில், எங்கள் தேவாலயத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கேட்டார்கள். மத்திய ஆசியாவில் பிறந்து வளர்ந்து, இப்போது நாட்டுக்குப் புதிதாக வருகிற கொரிய வம்சத்தவர்கள் ஏமாறாமல் வீடு பிடிப்பது எப்படி என்பதைக் கொரிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். பதினாறு வருடமாக ஞாயிறு பிற்பகல்களில் நான் செய்கிற வேலைதான்.

நான்கு வரிகள் தடங்கல் இல்லாமல் வந்தன. வில்லங்கச் சான்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். பணத்தை வீட்டுக்காரர் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் போடுங்கள். குடிபோகிற அன்றே வட்டார அலுவலகத்தில் விலாசத்தைப் பதியுங்கள். ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்குங்கள்.

ஐந்தாவது வரி:

வீட்டுக்காரர் உங்களிடம் எவ்வளவு அன்பாக இருந்தாலும்

அங்கேயே நின்றுவிட்டது. பிரசுரம் நான்கு வரியோடு அச்சுக்குப் போனது. மிச்சம்தான் நீங்கள் படிப்பது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

தாஷ்கண்டில் இருந்த வீட்டை விற்ற பணத்தையும், உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்றபடியே உழைத்துச் சேர்த்ததையும் கொண்டு வேரா ஹெகாய் என்பவர்

[வழக்கு மனு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.]

அடுத்தது:

தெருவெங்கும் செர்ரி பூத்திருந்த ஒரு காலையில்

[பூத்திருக்கலாம். வேரா அந்த வாரம் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். பூவைப் பார்த்தது நான்.]

மூன்றாவது தொடக்கம் சுமாராக இருக்கிறது. அப்படியே விடுகிறேன்.

வேராவுக்கு அந்த வீட்டில் முதலில் பிடித்தது குளியலறை ஜன்னல். அதற்கு முன் இருந்த அறைகளில் ஜன்னலே கிடையாது. இது செங்கல் கட்டடத்தில் மூன்றாவது மாடி. தனக்கும் மகள் அலினாவுக்கும் ஆளுக்கொரு அறை. ஒத்திக்குத்தான் எடுத்தாள். ஒன்பது கோடி வோனை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுசாகத் திரும்பி வாங்கிக்கொள்ளலாம். நான் பிரசுரத்தில் எழுதிய நான்கையும் அவள் ஒன்றுவிடாமல் செய்தாள். வில்லங்கச் சான்று துடைத்துவைத்த மாதிரி இருந்தது. விலாசமும் முத்திரையும் ஒரே நாளில் முடிந்தன. இனி வீடு ஏலத்துக்கே போனாலும் வரிசையில் அவள் பணம்தான் முன்னால் நிற்கும்.

[இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘நானாக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன்’ என்று நீங்கள் நினைக்கத் தொடங்கியிருப்பீர்கள்.]

3

வீட்டுக்காரம்மாவை எப்படி எழுதுவது?

முதல் பிரதியில் இடுங்கிய கண்களும் விரல் நிறைய மோதிரமும் கொடுத்தேன். எனக்கும் உங்களுக்கும் அது சௌகரியம். ஆனால் மா ஒக்-சூன் அப்படி இல்லை. அறுபத்தேழு வயது, முழங்கால் வலி, தரைத்தளத்தில் வாசம். வேரா பேசுகிற பழைய வடக்கத்திக் கொரியனைக் கேட்டுக் கடைத்தெருவே சிரிக்கும். இந்த அம்மா சிரித்ததில்லை. வேரா ஒருநாள், இங்கே முட்டைக்கோஸில் போடுகிற கிம்ச்சி ஊறுகாய்க்குப் பதிலாகத் தாஷ்கண்டில் தங்கள் ஆட்கள் செய்கிற கேரட் சாலட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“கேரட்டைத் துருவி வெச்சுட்டு இதையும் கிம்ச்சின்னு சொல்றீங்க. கேக்க ஆளில்லைன்னுதானே?”

மறுநாள் கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

“நல்லா இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சுக்கணும்ல, அதான் முழுசும் சாப்பிட்டேன்.”

அலினாவின் பிறந்தநாளன்று வேராவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பிறந்தநாள் வழக்கப்படி கடற்பாசி சூப் வைத்து, மூன்று மாடி அந்த முழங்காலோடு ஏறி வந்து, பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தது இந்த அம்மாதான்.*

* சூப் நிஜம். அலினாவிடமே கேட்டேன். இந்தக் கதையில் எனக்குப் பெரிய தொந்தரவு கொடுப்பது இந்தச் சூப்தான். அதை எடுத்துவிட்டால் எழுதுவது சுலபம்.

இரண்டாவது வருடம் மார்ச்சில் அவர் மறுபடியும் மாடி ஏறி வந்தார்.

“அலினா அம்மா, ஒரு சின்ன உதவி. பையன் கோழிக்கறிக் கடை போடுறான், பேங்க்ல கடன் கேட்டிருக்கேன். வீட்ல யாரும் குடியில்லைன்னு பேப்பர் காட்டினாத்தான் தருவாங்களாம். உங்க ரெண்டு பேர் விலாசத்தையும் ரெண்டே ரெண்டு நாளைக்கு வேற எங்கயாச்சும் மாத்தி வெச்சுக்கோங்க. நீங்க வீட்டை விட்டு ஒரு அடி நகர வேண்டாம். பேப்பர்ல மட்டும்தான்.”

“விலாசத்தை எடுத்தா என் பணத்துக்குப் பாதுகாப்பு போயிடும்னு சொல்றாங்களேம்மா.”

“எவன் சொன்னது? உன் பணத்தைத் தூக்கிட்டு நான் ஓடிருவேனா? இந்த முழங்காலை வெச்சுக்கிட்டா?”

வேராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுக்க வாய் வரவில்லை. “ஞாயித்துக்கிழமை கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள்.

4

மூன்று பிரதிகளில் இந்த இடத்தில் ‘ஆலயத்துத் தோழி ஒருத்தி’ என்று எழுதியிருந்தேன்.

தோழி இல்லை. நான்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டு கழுவிக்கொண்டிருந்தோம். வேரா விஷயத்தைச் சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள், என் பதில் காதில் விழ வேண்டும் என்று.

“அவங்க உனக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க, வேரா. ரெண்டு நாள்தானே. வாய்விட்டுக் கேட்டவங்களை வெறுங்கையோட அனுப்பலாமா?”

“நீங்க சொன்னா சரிதான்க்கா.”

செவ்வாய்க்கிழமை கூடவே போனேன். விலாசத்தை மாற்றியது என் வீட்டுக்குத்தான்.*

* எனக்குச் சட்டம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும்.

வட்டார அலுவலகத்தில் ஓர் ஊழியரைப் படைத்து வைத்திருக்கிறேன். மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைக் கையில் மைக்கறை. அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு நிமிர்கிறார். “அம்மா, பொண்ணு பேரையாச்சும் இங்கயே விட்டு வைங்க. குடும்பத்துல ஒருத்தர் பேரு இருந்தாக்கூட உங்க இடம் போகாது” என்கிறார். வேரா யோசிக்கிறாள். மகள் பெயரை விட்டுவைக்கிறாள். தப்பிக்கிறாள். அவர் சொல்வது நிஜமான சட்டம்தான். நான் அதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிடம் ஆகும். இத்தனை வருடம் நான் நம்பி வந்ததெல்லாம் அந்த அரை நிமிட மனிதர்களைத்தான்.

அன்று கவுண்டரில் இருந்தவர் மரியாதையானவர். முத்திரை குத்தினார். “வேற ஏதாவது உதவி வேணுங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்று நான்தான் பதில் சொன்னேன்.

5

புதன்கிழமை வங்கி கட்டடத்தின்மேல் கடனைப் பதிந்தது. வியாழக்கிழமை வேரா தன் விலாசத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். சொன்ன சொல் மாறவில்லை, இரண்டே நாள். ஆனால் வரிசையில் இப்போது வங்கி முன்னால், வேரா பின்னால். வீட்டை விற்றால் வங்கிக்கே சரியாகப் போய்விடும்.

கோழிக்கறிக் கடை பதினான்கு மாதம் நடந்தது. போன மாதம், வட்டி கட்டவில்லை, ஏலத்துக்கு விடுவோம் என்று வங்கிக் கடிதம் வந்தது. வேரா அதை என்னிடம் கொண்டுவந்தாள். படித்துச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“நீங்க என்னக்கா பண்ணுவீங்க” என்றாள்.

திட்டியிருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: நீதிமன்றம் மனம் இரங்கி

[இரங்காது.]

இன்னொன்று: வீட்டுக்காரம்மா ஊரிலிருக்கும் நிலத்தை விற்று

[நிலம் முன்பே போய்விட்டது. அதுவும் மகனுக்காகத்தான்.]

6

போன சனிக்கிழமை காலை வீட்டுக்காரம்மா மறுபடியும் படியேறி வந்தார். மூச்சு வாங்கி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கீழ ரெண்டாவது மாடிக்கு ஆள் வந்திருக்கு. உங்க ஆளுங்கதான், சமர்கந்தாம். அந்த ஒத்திப் பணம் கைக்கு வந்ததும் மொதல்ல உன்கிட்டதான் குடுப்பேன், அலினா அம்மா. சத்தியமாச் சொல்றேன். நீ பொய் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டா நல்லதா ஒரு வார்த்தை. இல்லன்னா சும்மா இரு.”

வேரா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மனதாரத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

குப்பையைப் போட அவள் கீழே இறங்கியபோது, இரண்டாவது மாடி வாசலில் ஓர் இளம்பெண் அளவு நாடாவோடு நின்றிருந்தாள். பெயர் லாரிசா. வேராவின் முகத்தைப் பார்த்ததும் ரஷ்ய மொழிக்குத் தாவினாள்.

“அக்கா, நீங்க மேல் வீடா? நல்லவேளை. கட்டில் உள்ள போகுமான்னு அளந்துட்டு இருக்கேன். வில்லங்கமெல்லாம் பார்த்துட்டேன்க்கா. பேங்க் கடன் ஒண்ணு இருக்கு, எங்க பணம் வந்ததும் அடைச்சுடுவாங்களாம். அது கிடக்கட்டும், பேப்பர்ல தெரியாததைக் கேக்குறேன். வீட்டுக்காரம்மா எப்படி, நல்லவங்களா?”

மேல் படியில் வீட்டுக்காரம்மா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருக்கு ரஷ்ய மொழி தெரியாது. இரண்டு பேரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லவங்கதான்” என்றாள் வேரா.

அது பொய் இல்லை. லாரிசாவின் முகம் மலர்ந்தது. அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாள். நன்றி சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இறங்கத் தொடங்கினாள். தரகர் கீழே காத்திருந்தார்.

வேரா என்னிடம் இதுவரைக்கும்தான் சொன்னாள். நிறுத்திவிட்டு, “நீங்களா இருந்தா அவளைக் கூப்பிட்டிருப்பீங்களாக்கா?” என்று கேட்டாள். என் வாயில் வேத வசனம் தயாராக வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். அந்தக் கட்டடத்தில் என் காசு ஒரு வோன்கூட இல்லை. பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைக் கதையாக்கி, அவளை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ உங்கள் கையில் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஆகவே லாரிசா படியில்தான் இருக்கிறாள். தெருக்கதவை அடைய இன்னும் பதினோரு படி. உங்கள் ஒன்பது கோடி அந்தச் செங்கலுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் மேலே தூங்கிக்கொண்டிருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் லாரிசா திரும்பிப் பார்ப்பாள்.

பத்து படி.