ஓர்டிலிருந்து பேசிய மார்ஜி

வெர்னா ஸ்டோலியின் குரலுக்கு நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்தில் விலை, நூற்றுக்கு மூன்று. அவள் ஏலம் போட்டு விற்கிற ஒவ்வொரு மாட்டிலும் அது அவளுக்கு வந்துவிடும். வாங்கும் எண்ணமே இல்லாமல் காப்பி குடிக்க வந்த பண்ணைக்காரனும் அந்தக் குரலைக் கேட்டுக் கையைத் தூக்கிவிடுவான். பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்ற யோசனை வண்டியில் மாட்டை ஏற்றியபிறகுதான் வரும். லூப் ஆற்றின் இரு கரையிலும் அந்தக் குரலை அடையாளம் தெரியாதவர் ஒருவரும் இல்லை, வெர்னாவைத் தவிர. தன் குரலைத் தானே உட்கார்ந்து கேட்க அவளுக்கு எப்போது நேரம் இருந்தது?

அந்த வியாழக்கிழமை மதியம், ஏலக் கொட்டகை அலுவலகத்தில் ஹாம் சாண்ட்விச்சைப் பிரித்தபடி ரேடியோவைத் திருகினாள். டுவேன் கிராட்ஸின் ‘சனிக்கிழமை முன்னோட்டம்’ ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை லூப் கல்லூரிக்கும் கார்வெல் கல்லூரிக்கும் அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையால் வீசிப் பிடிக்கிற ஆட்டம். கார்வெல்காரர்களுக்குப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற பழக்கமே இல்லை. வீசுவார்கள், மறுபடி வீசுவார்கள், மழை பெய்தாலும் வீசுவார்கள். அதை வாங்க ஓடுகிறவனோடு ஒட்டிக்கொண்டே ஓடித் தடுப்பது கார்னர் ஆட்டக்காரனின் வேலை. லூப் கல்லூரியின் கார்னர் திங்கட்கிழமை பயிற்சியில் கையை முறித்துக்கொண்டான். அவன் இடத்தில் இறங்கப்போவது, மூன்று வருடமாகக் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வெஸ்லி. வெர்னாவின் ஒரே பிள்ளை.

“ஐம்பது தடவை வீசுவாங்க,” என்றான் டுவேன். “அதுல பாதி ஸ்டோலி பையன் பக்கம்தான் வரும். வேற யாராவது லைன்ல இருக்கீங்களா? லெராய், சொல்லுங்க.”

“அந்தப் பையனை நிறுத்தறதுக்குப் பதிலா ஒரு வேலிக் கம்பை நடலாம் டுவேன். கம்புக்குச் சாப்பாடும் போட வேணாம்.”

லெராய்க்குப் போன மாதம்தான் எட்டுக் கிடாரிகளை நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்திருந்தாள். சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். எதிர் மேஜையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த ஜோலீன் நிமிர்ந்து பார்த்தாள்.

“வேணாம் வெர்னா.”

“நான் என்ன செய்யப்போறேன்? சும்மா கேக்கறேன்,” என்றபடியே போனில் ரேடியோ நிலையத்தின் எண்ணை அழுத்திவிட்டாள்.

“முன்னோட்டம். யாரு பேசறீங்க?”

“மார்ஜி. ஓர்ட் ஊர்ல இருந்து.” மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டாள், அதுவே போதும் என்று நினைத்தாள். “எனக்கு அந்தப் பையனைத் தெரியாது. ஆனா பாத்திருக்கேன். கால் இருக்கு, கை இருக்கு, கண்ணு இருக்கு. இடது பக்கமா ஓடினா ஒருத்தன் தப்பிக்க முடியாது. வலது பக்கம் சட்டுனு திரும்பறப்ப மட்டும் அரை அடி பிந்துவான், கோடையில கணுக்கால் பிசகினதால. அது ஒண்ணைத் தவிர குறை சொல்ல என்ன இருக்கு? என்ன இருக்குங்கறேன்? யாராவது சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க, ஒரு தரம்...”

சூடு ஏற ஏற வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடின. மூக்கிலிருந்து கை எப்போதோ எடுபட்டிருந்தது.

“மார்ஜி,” என்றான் டுவேன் மெதுவாக, “இன்னைக்கு மாட்டு ஏலம் எத்தனை மணிக்கு?”

“ஒரு மணிக்கு. முதல்ல கன்னுக்குட்டிங்க,” என்றாள் வெர்னா.

டுவேன் மிகுந்த மரியாதையோடு ஒரு டிராக்டர் விளம்பரத்தைப் போட்டான். ஜோலீன் சீட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஏலம் முடிந்து நாலு மணிக்கு வெஸ்லியே கூப்பிட்டான்.

“மா.”

“நான் இல்லடா அது.”

“பசங்க எல்லாரும் என்னை மார்ஜின்னு கூப்பிடறாங்க.”

அவளுக்கு அழுகை வந்தது. ஏலக்காரி அழுதால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள். “அந்த லெராய் உன்னைக் கம்புன்னு சொன்னான் வெஸ். கேட்டுட்டு எப்படிடா உக்காந்திருப்பேன்?”

“கம்புன்னா கம்பு. அதுல என்ன போச்சு? கணுக்கால் விஷயம் உனக்கும் எனக்கும் கட்டுப் போடறவருக்கும்தான் தெரியும். இப்ப ரேடியோ இன்டர்நெட்ல வருதும்மா. கார்வெல் கோச்சுங்க நம்மூர் முன்னோட்டம் ஒண்ணு விடமாட்டாங்க.”

“உங்க கோச் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. அவங்க எங்கெங்க வீசுவாங்கன்னு பலகையில பன்னெண்டு வட்டம் போட்டு வச்சிருந்தாரு. எல்லாத்தையும் அழிச்சிட்டு என் வலது பக்கம் ஒரே வட்டம் போட்டாரு.”

“எவ்வளவு பெரிசு?”

“பீட்சா அளவுக்கு. எனக்குப் பின்னால இன்னொருத்தனையும் நிறுத்தறாரு. எங்க வரும்னு தெரிஞ்சதே நல்லதுன்னாரு. எனக்காகச் சொல்லியிருப்பாரு.”

“என்னை உள்ள விடுவாங்களாடா?”

“நீ வரணும். உன் சீட்டு நாப்பது கஜக் கோட்டுக்கு நேரா இருக்கு. வந்து உக்காரு. கத்தாத. எண்ணிக்கிட்டு மட்டும் இரு. எத்தனை வந்துது, எத்தனை என்னைத் தாண்டிப் போச்சுன்னு எனக்கும் தெரியணும்.”

சனிக்கிழமை வந்தாள், கத்தாமல் உட்கார்ந்தாள். முன்வரிசையில் லெராய் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். அவள் பார்க்காததுபோல் பென்சிலைக் கூர்செய்தாள். முதல் பந்தே வலது பக்கம் வந்தது. இரண்டாவதும். மூன்றாவதை வெஸ்லி விரல் நுனியால் தட்டிவிட்டான். பக்கத்துக் கிழவர் எழுந்து நின்று கைதட்டினார். வெர்னா கோடு மட்டும் கிழித்தாள்.

லூப் கல்லூரி மூன்று புள்ளியில் தோற்றது. கூட்டம் கலைந்தபிறகு, ஆட்டச் சீட்டின் பின்பக்கத்துக் கோடுகளைக் கூட்டினாள். வெஸ்லி பக்கம் வந்தவை இருபத்தொன்று. தட்டிவிட்டவை ஆறு. கார்வெல்காரர்கள் தாங்களே நழுவவிட்டவை இரண்டு. வெஸ்லியே பறித்துக்கொண்டது ஒன்று. போனவை பன்னிரண்டு. அதில் வலது பக்கமாகப் போனவை ஒன்பது.

அந்த ஒன்பதையும் அவன் பெயருக்குக் கீழிருந்து அடித்து நீக்கினாள். பக்கத்தில் வெர்னா என்று எழுதி, அதன்கீழ் ஒன்பது கோடு போட்டாள். வெஸ்லி கணக்கில் நின்றது மூன்று.