தெருவுக்குக் கேட்ட சத்தம்

“முட்டிக்கு அடியில இந்தத் தலையணையை யாரு வச்சது?”

பெரியவரின் தம்பி மகள் கேட்டபடியே அதை உருவி எடுத்தாள். இறந்துகிடந்த அப்பாவின் வலது கால் அப்போதும் படுக்கையில் படியவில்லை. மடங்கிய முட்டி வெள்ளைத் துணியைக் கூடாரம்போலத் தூக்கிக்கொண்டு நின்றது.

பெரியவர் சுவரோர நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு ஹெட்மாஸ்டர் என்றுதான் பெயர். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். இவள் கத்தியது அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும்.

“மெதுவாப் பேசு. நாலு பேர் வந்து நிக்கிற இடம்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க பெரியப்பா. முட்டிக்குக் கீழ எதையும் வைக்கக் கூடாது, கால் நீட்ட வராமப் போயிடும்னு பயிற்சி குடுக்க வந்த பிசியோ படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நானே போன்ல கேட்டேன்.”

“வலிக்குதுன்னான். வச்சேன்.”

“வலிக்கத்தான் செய்யும். அறுத்துப் புது முட்டி வச்சா வலிக்காம என்ன பண்ணும்?”

அவள் பேருந்து ஓட்டுநர். வெளியூரில் பாதி ஓட்டத்தில் வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பணிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தாள். வந்ததும் சட்டையை மாற்றிக்கொள்ளச் சொன்னார் பெரியவர். அவள் காதில் வாங்கவில்லை. அப்பனைப் போலவே குரல், அப்பனைப் போலவே முரட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டார். இந்தக் குடும்பத்தில் உரக்கப் பேசுவது தன் தம்பியோடு ஆரம்பித்தது, அவனோடு முடியவில்லை.

தம்பி தரைக்கல் பதிக்கிறவர். நாற்பது வருடம் ஊரார் வீட்டுத் தரைகளில் மண்டியிட்டே நகர்ந்து முட்டி தேய்ந்துபோனவர். பதினேழு நாளுக்கு முன்னால் வலது முட்டியை மாற்றினார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று காலை கழிவறைக்குப் போக எழுந்து உட்கார்ந்தவர், “மூச்சு முட்டுதுண்ணே” என்றார். அவ்வளவுதான். வந்து பார்த்த டாக்டர், காலில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறியிருக்கலாம் என்றார்.

“தினமும் நடக்க வச்சீங்களா?” என்று டாக்டர் கேட்டபோது பெரியவர்தான் பதில் சொன்னார்.

“பயிற்சி குடுக்க வந்த ஆளு பாதியில நின்னுட்டான். பொறுப்பில்லாதவன்.”

ஆள் வந்து ஒன்பது நாள் ஆச்சு என்று, சாவுச் சேதி சொன்ன போனில் தம்பி மகளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். இப்போது அவள் கைபேசியை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள்.

“நீங்க அனுப்பின ஆளு ஒன்பது நாளா வரல. ஆமா, ஒன்பது நாள். எங்கப்பா செத்துட்டாரு. எழுத்துலயே தரேன். அந்த ஆளு இனிமே எவன் வீட்டு வாசப்படியும் மிதிக்கக் கூடாது.”

வாசலில் நின்றவர்கள் தலையசைத்தார்கள். எதிர்வீட்டு இன்ஜினியர், “விடாதம்மா. இவனுங்களை இப்படித்தான் கேக்கணும்” என்றார்.

பெரியவருக்கு அந்த மனிதரைப் பிடரியைப் பிடித்துத் தெருவில் தள்ள வேண்டும் போலிருந்தது. எல்லாம் இந்த ஆளால் வந்தது. பயிற்சியின் நான்காம் நாள், கேட்டருகே நிறுத்தி, பல்லைக் காட்டிக்கொண்டு, “என்ன சார், வீட்ல தினமும் சண்டையா? வார்த்தையெல்லாம் பலமா இருக்கே” என்று கேட்ட ஆள்.

வார்த்தை பலமாகத்தான் இருந்தது. பிசியோ முட்டியை மடக்கும்போது தம்பி வேலைத்தளத்தில் பழகிய வசவுகளை எல்லாம் அவிழ்த்துவிடுவார். அவன் பிறப்பு, அவன் அப்பன் பிறப்பு, எதுவும் மிஞ்சாது. திட்டி முடித்ததும் வியர்வையோடு சிரிப்பார். “நம்ம வீட்ல இப்ப ரெண்டு வாத்தியாரு. ஒருத்தர் காதைத் திருகுவாரு, ஒருத்தர் காலைத் திருகுவாரு.” பிசியோவும் சிரிப்பார். பெரியவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். இந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சொல் தெருவுக்குப் போனதில்லை.

அன்று மாலையே பிசியோவைக் கூப்பிட்டு, “நாளையிலேர்ந்து வர வேண்டாம். நாங்களே பாத்துக்கிறோம்” என்றார். அவர் ஏதோ சொல்ல வந்தார். பெரியவர் போனை வைத்துவிட்டார். மறுபடி இரண்டு முறை மணி அடித்தது. எடுக்கவில்லை.

இப்போது வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேதி கேட்டு வந்தது பிசியோதான். நாற்பது வயதிருக்கும். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நேராகக் கால்மாட்டுக்குப் போய், துணியைத் தூக்கி நிற்கும் அந்த முட்டியைப் பார்த்தபடி நின்றார்.

தம்பி மகள் எழுந்தாள்.

“வாங்க சார். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஒன்பது நாள் எங்க போயிருந்தீங்க? நான் வண்டியில உக்காந்துட்டு, அப்பா இன்னைக்கு இத்தனை அடி நடந்திருப்பாரு, அத்தனை அடி நடந்திருப்பாருன்னு கணக்குப் போட்டுட்டு இருந்தேனே. ஒரு போன் பண்ண உங்களுக்கு விரல் இல்லையா?”

பிசியோ நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தார். பெரியவரும் பார்த்தார். சொல்லட்டும் என்று தாடையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். சொன்னால் மறுக்க வேண்டும். வேலைக்காரப் புத்தி, பழியை வீட்டு மேல் போடுகிறான் என்று சொல்ல வேண்டும். வார்த்தைகள் தயாராக இருந்தன.

பிசியோ தலையைக் குனிந்துகொண்டார். “நான் இன்னொரு தடவை நேர்ல வந்து பாத்திருக்கணும்மா. தப்புதான்.”

“தப்புதானா? அவ்வளவுதானா? உங்க வேலை போற வரைக்கும் நான் விடமாட்டேன்.”

“சரிம்மா.”

அந்த ‘சரிம்மா’வில் பெரியவருக்கு உடம்பு முழுவதும் எரிந்தது. யார் இவன்? இந்த வீட்டுத் தலைவனுக்கு இரக்கம் காட்ட இவனுக்கு என்ன உரிமை? ஊரான் ஒருத்தன் போட்ட பிச்சையில் இந்தக் குடும்பத்தின் மானம் நிற்பதா? நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார்.

“அவனா நிக்கல” என்றார். கோபத்தில் குரல் வாசல் தாண்டிப் போனது. “நான்தான் நிறுத்தினேன்.”



“என்ன சொல்றீங்க பெரியப்பா?”

“வர வேண்டாம்னு நான்தான் சொன்னேன். போன் பண்ணான், நான் எடுக்கல.”

“ஏன்?”

“சத்தம் தெருவுக்குக் கேட்டுச்சு.”

“என்ன சத்தம்?”

“உங்கப்பன் கத்துற சத்தம். வாயில வர்ற வார்த்தை. கேக்கற மாதிரியா இருந்துச்சு?”

இன்ஜினியர் கைபேசியில் எதையோ தேடத் தொடங்கினார். தம்பி மகள் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மிகவும் தணிந்த குரலில் பேசினாள்.

“கேட்டா கேட்டுட்டுப் போகட்டுமே. இப்பவும் திட்டிக்கிட்டு இருந்திருப்பாரே.”

பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் மனைவி தலைமாட்டில் அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும். உங்கப்பாகிட்டயும் சொன்னேன், நாம வேற ஆளைக் கூப்பிடலாம்னு.” அவள் கணவனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். “அண்ணன் சொன்னா சரின்னாரு. எனக்கு லீவு விட்டுட்டாங்கடின்னு சிரிச்சாரு.”

தம்பி மகள் ஒரு நாற்காலியை இழுத்து வந்து அப்பாவின் பக்கத்தில் போட்டாள். “உக்காருங்க சார்” என்றாள் பிசியோவிடம். பெரியவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

சவ வண்டி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தூக்குவதற்குப் பெரியவர் தலைமாட்டுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே தம்பி மகள் கைகொடுத்து நின்றாள். கால்மாட்டில் பிசியோ, மடங்கிய முட்டி இடறாமல் அணைத்துப் பிடித்திருந்தார். பெரியவருக்குப் பிடிக்க இடமில்லை. “பாத்து, நிலை இடிக்கும். பாத்துடா” என்று அதட்டிக்கொண்டே கூட வந்தார். யாருக்கும் அந்த அதட்டல் தேவைப்படவில்லை.

வண்டிக்குள் இரண்டு பக்கமும் நீளமான பலகை இருக்கைகள். ஒரு பக்கம் பிசியோவும் உறவினர் இருவரும். இன்னொரு பக்கம் தாயும் மகளும், உறவுப் பெண்கள் இருவரும். வண்டிக்காரர் பின்கதவைப் பிடித்தபடி, “வர்றீங்களா ஐயா, சாத்தட்டுமா?” என்று கேட்டார்.

பெரியவர் தெருவில் விறைப்பாக நின்றார். எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பியின் மனைவி அவரைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த துண்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு சாண் உள்ளே தள்ளி இடம் விட்டு உட்கார்ந்தாள்.

படி உயரமாக இருந்தது. பெரியவர் ஒரு காலை அதில் வைத்தார். மற்றக் கால் தரையை விட்டு எழவில்லை. உள்ளிருந்து ஒரு கையும் நீளவில்லை. கதவோரத்து இரும்புக் கம்பி வெயிலில் காய்ந்து கிடந்தது. அதைப் பிடித்து ஏறினார்.