சடையன் சொன்ன பதில்

ஜெயில் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் மருந்து மிக்சர் கலக்கியாயிற்று. எதைக் கண்டாலும் சலிப்பு. அந்த நேரம் பார்த்து, "சின்னப்பராஜ், மதராஸ் காலேஜிலிருந்து சமூக சேவை படிக்கிற பொண்ணு வருது. ஒரு மாசப் பயிற்சி. கூட இருந்து பார்த்துக்கோ" என்றார் சூப்ரெண்டு. கம்பவுண்டருக்கு இதுவும் ஒரு வேலையா? வந்து தொலையட்டும் என்று விட்டேன்.

பெயர் இன்பமேரி. கைதிகளின் மனநிலையை விசாரித்து டாக்டருக்கு எழுதித் தர வேண்டும். கையில் நாற்பது கேள்விகள் அச்சடித்த தாள். நல்ல பெண்தான், அதற்காக எரிச்சல் குறையுமா என்ன?

எருமப்பட்டிச் சடையனையும் விசாரித்தாள். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பங்காளி மண்டையை உடைத்து ஒரு வருஷம் வாங்கியவன். விடுதலைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். அவன் உள்ளே வந்தபின் பிறந்த பெண் குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. உழவு மாடு செத்த சேதி கேட்டு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தான், அவ்வளவுதான் அவன் வியாதி.

மறு வாரம் டாக்டர் மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் திக்கென்றது. சடையனை மதராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு தயார், கையெழுத்துதான் பாக்கி. அங்கே போனவன் திரும்புவதற்குத் தேதி கிடையாது. இன்பமேரியின் தாளை எடுத்தேன். காதில் யாரோ பேசுகிறார்களா? ஆம். சோற்றில் விஷம் வைக்கிறார்களா? ஆம். நாற்பதுக்கும் ஆம்!

"எப்படிம்மா கேட்டீங்க?"

"தாள்ல இருக்கிற மாதிரியேதான் சார். எல்லாத்துக்கும் ஆமாங்கன்னாரு."

தலையில் அடித்துக்கொண்டு அவளையும் சடையனிடம் கூட்டிப்போனேன்.

"ஏஞ்சாமி, சங்ககிரி மலையத் தூக்கித் தலையில வெச்சயாமே?"

"ஆமாங்க."

"அட கெரகமே! எதுக்குடா எல்லாத்துக்கும் ஆமாங்கற?"

"பெரியவங்க கேக்கறப்ப மறுத்துப் பேசுனா மருவாதியா இருக்குமுங்களா?"

இன்பமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் கேட்ட முறையே தப்பு, நடந்ததை அப்படியே டாக்டருக்கு எழுதித் தருகிறேன் என்று நின்றாள்.

"எழுதுனா யாரும்மா படிக்கறாங்க? நாளைக்கு டாக்டர் நேர்லயே கேப்பாரு. நான் பாத்துக்கறேன், உடுங்க" என்று அடக்கினேன். விஷயம் சீக்கிரம் முடிந்தால் போதுமென்றிருந்தது எனக்கு.

சாயங்காலம் சடையனுக்குப் பாடம் நடத்தினேன். குரல் கேட்குதா? இல்லீங்க. விஷம் வைக்கிறாங்களா? இல்லீங்க.

"டாக்டர் எது கேட்டாலும் இதேதான். புரிஞ்சுதா?"

"ஆமாங்க."

"கிழிஞ்சுது போ!"

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். படுக்கப் போகும்வரை விடவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். இரண்டு ஊர் சுற்றிவிட்டு வந்த அலுப்பு அவருக்கு. நாற்பது கேள்வியை அவர் தொடவே இல்லை.

"சடையா, உன் புத்தி தெளிவாத்தானே இருக்கு?"

"இல்லீங்க."

"ஐயா..." என்று நான் முன்னால் போனேன். "நீ சும்மா இருய்யா" என்றார்.

"வெளியே விட்டா ஒழுங்கா வீட்டுக்குப் போவியா?"

"இல்லீங்க."

"குழந்தையைப் பார்க்கணும்னு ஆசை இருக்கா?"

சடையன் வாயைத் திறந்து மூடினான். என் முகத்தைப் பார்த்தான். பாவி நான், 'இல்லீங்க' சொல்லிவிடாதே என்று தலையாட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பி, "இல்லீங்க" என்றான்.

"டாக்டர், தப்பு என்னுதுதான்..." என்று எழுந்தாள் இன்பமேரி.

"இது நீ எழுதின ரிப்போர்ட்தானேம்மா? சரியாத்தான் எழுதியிருக்கே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் படியிறங்கிப் போனதும் சடையன் என்னிடம் வந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. பரீட்சை முடித்தவன் மாதிரி ஒரு நிம்மதி.

"கடேசிக் கேள்விக்குத்தானுங்க நாக்குத் தடுமாறிப்போச்சு. மத்ததெல்லாஞ் செரியாச் சொல்லிட்டனுங்களா, சாமி?"