சூப்பர்வைசருக்குத் தெரியாமல்

"அது எங்க அப்பாவா இருக்காதுங்க. அவர்கிட்ட சைக்கிளே இல்ல," என்று அவள் மூன்றாவது முறையாகச் சொன்னாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கையில் இருந்தது அப்பாவின் சட்டை.

மறுமுனையில் போலீஸ்காரர் பொறுமையாகவே பேசினார். "மேடம், பர்ஸ்ல ஒரு கார்டு இருக்கு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவங்களுக்குக் குடுப்பாங்களே, அது. அதுல உங்க நம்பர்தான் எழுதியிருக்கு. வயசு அறுபத்தி நாலு. இடது புருவத்துல ஒரு தழும்பு."

அவள் சட்டையைக் கொடியில் போட்டு, இரண்டு கிளிப்புகளையும் மாட்டிய பிறகே கேட்டாள். "எந்த ஆஸ்பத்திரி?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். புருவத்துத் தழும்பு ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் வாங்கியது. ஓய்வு பெற்ற மறுவாரமே அகல டயர் வைத்த ஒரு சைக்கிளோடு வந்து நின்றார். சரளைக்கல் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிளாம். ஆற்றை ஒட்டி முன்பு ரயில் போன தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சரளை கொட்டிப் பாதை போட்டிருந்தார்கள். கார் கிடையாது, லாரி கிடையாது. "முப்பத்தாறு வருஷம் மேலயும் கீழயுமே போய்ட்டு வந்தாச்சு. இனிமேலாவது நேரா போறேன்," என்றார். அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நெஞ்சு வலி வந்தது. மெதுவாக ஓட்டலாம், மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். வேண்டாம் என்றது அவள்தான். சைக்கிளை விற்கச் சொன்னாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், விற்றாகிவிட்டது என்றார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் பஸ் பிடித்து, பழைய கம்பெனி ஆட்களோடு சீட்டாடப் போய்விடுவார். பதினோரு மணி வாக்கில் முகமெல்லாம் கறுத்துத் திரும்பி வருவார். "மொட்டை மாடியில உக்காந்து ஆடுறோம்," என்பார். அவளும் நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் அத்தை அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. இருவருமாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே மாவு அப்பியது போல வெள்ளைத் தூசி. கீழுதட்டை லேசாக உள்ளே மடித்திருந்தார். பொய் சொல்லும்போது அப்பா அப்படித்தான் மடிப்பார்.

"நாலு மணிக்குத்தான் உடம்பைக் குடுப்பாங்களாம்," என்றாள் அத்தை. "நான் வீட்டுக்குப் போய் நாற்காலியெல்லாம் நகர்த்தி வைக்கிறேன். நீயும் வா. இங்க உக்காந்து என்ன பண்ணப் போற?"

"நீங்க போங்க அத்தை. சைக்கிள் ஆத்தோரம் ஏதோ பம்ப் ஹவுஸ்ல இருக்காம், போலீஸ்காரர் சொன்னாரு. பார்த்துட்டு வந்துடறேன்."

"சைக்கிளா இப்ப முக்கியம்?"

அத்தை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்தாள்.

பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். நகரம் முடிந்து வயல்கள் வந்தன. வயல்களுக்கு அப்பால் பள்ளத்தில் ஆறு. பம்ப் ஹவுஸ் நிறுத்தத்தில் அவள் ஒருத்திதான் இறங்கினாள்.

பம்ப் ஆபரேட்டர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியவர். காக்கிச் சட்டைப் பையில் டெஸ்டர் சொருகியிருந்தது. மோட்டார் சத்தத்தில் வந்தவள் சொன்னது காதில் விழாமல், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சூப்பர்வைசரா?"

"என்ன?"

"லிஃப்ட்காரரோட பொண்ணுதானே? அவர் உன்னை அப்படித்தாம்மா சொல்லுவாரு. 'சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்'னு." சொல்லிச் சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "உள்ள வாம்மா."

அவள் வாசலிலேயே நின்றாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததே வாயில் வந்தது. "உங்களைப் பார்க்கத்தான் வருவாரா?"

ஆபரேட்டருக்குக் கோபம் வரவில்லை. "என்னைப் பார்க்க யாரும்மா பஸ் ஏறி வருவா? சைக்கிளை இங்க வச்சுக்கலாமான்னு கேட்டாரு. பின்னாடி ரூம் சும்மாதான் கிடந்துச்சு. காலையில வந்து எடுப்பாரு, திரும்பி வந்து வைப்பாரு. போறப்ப 'மோட்டார் எப்படி இருக்கு'ன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். சில நாள் அதுகூட இல்ல."

பின் அறையில் பழைய வால்வுகளுக்கும் கிரீஸ் டப்பாக்களுக்கும் நடுவில் சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சுவரில் அப்பா கையால் வரைந்த ஒரு வரைபடம். லிஃப்டின் வயரிங் படம் போலவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். ஆறு நீலத்தில், பாதைகள் பென்சிலில். அங்கங்கே பொடி எழுத்தில் குறிப்புகள். 'கல் தளர்ந்திருக்கும், பிரேக் பிடிக்காதே.' 'மழைக்குப் பின் சேறு.' 'நல்ல தண்ணீர்.' 'கறுப்பு நாய், குரைக்கும், கடிக்காது.'

அவள் முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மறுபடியும் படித்தாள். அவளைப் பற்றி எங்கும் எதுவும் இல்லை. அம்மாவைப் பற்றியும் இல்லை. ஆறாவது கிலோமீட்டரில், ஒரு பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், 'இங்கே யாரும் வருவதில்லை' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

"எங்க விழுந்தாரு?"

ஆபரேட்டர் அந்த இரண்டு கோடுகளின் மேல் விரலை வைத்தார். "எப்பவும் எட்டே முக்காலுக்குத் திரும்பிடுவாரு. ஒன்பதாகியும் காணோம். மோட்டாரை நிறுத்திட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனேன். சைக்கிளை ஒழுங்கா ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வச்சிருந்தாரு. கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. கூப்பிட்டேன்."

"பேசினாரா?"

"இல்லம்மா. ரொம்ப முன்னாடியே போயிருப்பாரு. கை சில்லுன்னு இருந்துச்சு."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

"போன் இருந்திருந்தா யாரையாவது கூப்பிட்டிருப்பாரு," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமைன்னா வீட்டுலயே மறந்து வச்சுட்டுப் போயிடுவாரு. இன்னைக்கும் டிவி பக்கத்துலதான் கிடக்கு. ஞாபக மறதி ஆரம்பிச்சிருச்சுன்னு நான்…"

அவள் நிறுத்திக்கொண்டாள். அப்பா எங்கே இருக்கிறார் என்று தன் போனில் காட்டும்படி அவர் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தது அவள்தான். ஸ்டென்ட் வைத்த வாரத்தில். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நீலப் புள்ளி நகருவதைப் பார்த்து, "பரவாயில்லையே," என்று மட்டும் சொன்னார்.

ஆபரேட்டர் ஒரு ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மீட்டர் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வரும்போதும் அவள் நின்றபடியே இருந்தாள்.

"எடுத்துட்டுப் போறியாம்மா?"

"பஸ்ல ஏத்த மாட்டாங்க."

"அப்ப இங்கேயே இருக்கட்டும். இடத்தை அடைக்கலயே."

அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அவள் சைக்கிளை மெல்ல உருட்டி வெளியே கொண்டுவந்தாள். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவள் சைக்கிள் ஓட்டியதில்லை. சீட் அவள் இடுப்புக்கும் மேலே இருந்தது. தள்ளிக்கொண்டே நடந்தாள்.

ஆறு கிலோமீட்டர் போய்த் திரும்ப நேரமில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நடந்தாள். கற்கள் டயருக்கடியில் நொறுநொறுவென்றன. ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் சரிவு, கீழே கலங்கலாக ஆறு. பாதை நேராகப் போய்க்கொண்டே இருந்தது. காலையில் அப்பா பதித்த டயர் தடம் எது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். நிறையத் தடங்கள் இருந்தன.

எதிரே ஹெல்மெட் போட்ட ஒருவர் சைக்கிளில் வந்தார். அவளைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

"பஞ்சரா? பம்ப் வச்சிருக்கேன்."

"இல்லைங்க. சும்மாதான் தள்ளிட்டுப் போறேன்."

"கூட யாரும் வரலையா?"

"இல்ல."

"இன்னும் கொஞ்சம் போனீங்கன்னா நல்ல நிழல் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சக்கரச் சத்தம் அடங்கும்வரை அவள் நின்றாள். மணி ஒன்று நாற்பது. பாதை ஒரு வளைவில் மரங்களுக்குள் மறைந்தது. அதற்கப்பால் என்ன என்று தெரியவில்லை. திரும்பியாக வேண்டும். அங்கே சரளை தளர்ந்து டயர் புதைந்ததால் சைக்கிளைத் தூக்கித்தான் திருப்ப முடியும் போலிருந்தது. ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் சீட்டையும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பலம் முழுவதையும் கூட்டித் தூக்கினாள்.

சைக்கிள் அவள் மார்பு உயரத்துக்கு எழும்பியது. இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. கீழே இறக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முன்சக்கரம் காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.