மூன்றாம் ஆண்டு அளந்த லோங்காங்

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் குளோரியா டீச்சர் இருபத்திரண்டு வருடமாகக் கணிதம் கற்பிக்கிறார். அவர் வகுப்பில் கொசுகூட அனுமதி கேட்டுத்தான் பறக்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய், திங்கட்கிழமை ஆளே மாறி வந்தார். பிள்ளைகளுக்கு விடை சொல்லக் கூடாதாம். அவர்களே தேட வேண்டுமாம். எது கேட்டாலும் "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்க வேண்டுமாம்.

அவருடைய மூன்றாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகள் அதை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"ரிஷி, ஹோம்வொர்க் எங்க?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி, இன்னிக்கு எதைத் தெரிஞ்சுக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"கேண்டீன் லோங்காங் ஏன் டீச்சர் இப்படி நாறுது?" என்றாள் விஷ்ணுப்ரியா.

வகுத்தல் பாடம் மேசையில் கிடந்தது. டீச்சர் பெருமூச்சு விட்டு, இருபத்து நான்கு பேரையும் அந்தச் சாக்கடையோரம் கூட்டிப்போனார். கிஷன் ஒரு காகிதத் துண்டைப் போட்டான். அது சாலைப் பக்கம் போகாமல் கேண்டீன் பக்கமே நகர்ந்தது. ரிஷி தண்ணீர் போத்தலை லோங்காங் விளிம்பில் படுக்கவைத்து, விளிம்பு மட்டமாக இருப்பதைக் காட்டினான். ஆழத்தை அளந்தார்கள். கேண்டீன் முனையில் முப்பது சென்டிமீட்டர், சாலை முனையில் இருபத்தாறு.

"தண்ணி எப்படி லா மேட்டுல ஏறும்?" என்றாள் விஷ்ணுப்ரியா.

விடை டீச்சருக்கும் அப்போதுதான் தெரிந்தது. சேலை நனைவதையும் கவனிக்காமல் மண்டியிட்டு, அவரே இன்னொருமுறை அளந்தார். அவ்வளவு சந்தோஷம்.

தலைமையாசிரியர் சபாபதி வந்துவிட்டார். "கணக்கு நேரத்துல இங்க என்ன டீச்சர்?"

"கணக்குதான் சார்."

"முப்பதுல இருபத்தாறு போனா நாலு சார். நாலு சென்டிமீட்டர் தப்பு!" என்றான் கிஷன்.

போன வருடம்தான், சபாபதியின் மேற்பார்வையில் அதைக் கட்டியிருந்தார்கள். அவர் ரூலரை வாங்கி மூன்று தடவை அளந்தார். நாலு குறையவில்லை. கைப்பேசியை எடுத்து, அதைக் கட்டிய குத்தகைக்காரரை அழைத்தார்.

"பாஸ், உடனே வந்து பாருங்க. இல்ல இல்ல, என்ஜினியர் சொல்லல. மூணாம் ஆண்டு சொல்லுது."

சனிக்கிழமை லோங்காங்கை உடைத்துச் சரியாகக் கட்டினார்கள். நாற்றம் போனது.

அடுத்த திங்கட்கிழமை டீச்சர் தைரியமாகவே கேட்டார். "இந்த வாரம் என்ன கண்டுபிடிக்கலாம்?"

வகுப்பு கலந்து பேசியது. கிஷன் எழுந்தான்.

"எச்.எம். ஏன் டீச்சர் அசெம்பிளியில அவ்ளோ நேரம் பேசுறாரு? ஒரே விஷயத்தை எத்தனை தடவ சொல்றாருன்னு எண்ணலாமா?"

குளோரியா டீச்சர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எல்லாரும் வாய்ப்பாட்டை எடுங்க," என்றார்.